களப்பணிக்கு மீண்டும் அழைக்கப்படுவது யார்?

வாடைக்காற்று தொடங்கி, வலசைப் பறவைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடல்நீரேரிகளில் வந்திறங்கும் காலம் நெருங்கும்போது, உயிரியல் படித்த இளையோரிடமிருந்து இக்கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆண்டில் நான்கைந்து மாதங்களுக்கு மட்டும் கிடைக்கும் கள உதவியாளர் வேலைக்கு அடுத்த பருவத்திலும் அழைக்கப்படுவது எப்படி என்பதே அக்கவலை. நீர்ப்பறவை, கண்டல் தாவர ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகள் உதவியாளர்களைத் தெரிவுசெய்து அவர்களோடு சேற்றில் நடந்தவள் என்ற முறையில், ஆறு கடிதங்களுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் விலங்கியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன். சென்ற பருவத்தில் சரசாலை, நாவற்குழி, மண்டைதீவு ஆகிய இடங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நான்கு மாதங்கள் பணியாற்றினேன். பறவைகளை இனங்காண்பதில் எங்கள் குழுவில் நானே முன்னின்றேன். எனினும் இவ்வாண்டு உயர்தரம் மட்டும் படித்த, என்னைவிடக் குறைவாகவே பறவைகளை அறிந்த ஒருவரை அழைத்திருக்கிறார்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. எங்கே பிழைத்தேன் என்று தெரியவில்லை.
— பட்டதாரி இளைஞர், கோப்பாய்

பதில்: மீண்டும் அழைக்கப்படாமைக்கு உங்கள் குறைதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆய்வுக்கான நிதி ஓராண்டில் ஐவருக்கும் மறு ஆண்டில் இருவருக்கும் மட்டுமே போதுமாக இருக்கலாம்; அல்லது இம்முறை வள்ளம் ஓட்டத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டிருக்கலாம். உங்கள் மேற்பார்வையாளரை நேரில் சந்தித்து, முறைப்பாட்டுத் தொனி சிறிதுமின்றி, நான் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் மறந்ததில்லை.

ஆனாலும், இனங்காணும் திறமையையே முதன்மைத் தகுதியாக நீங்கள் கருதுவதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆய்வை நடத்துபவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வைகாசி மாதத்தில், பறவைகள் எல்லாம் வடக்கே திரும்பிய பின்னர், அவருடைய மேசையில் எஞ்சியிருப்பவை உங்கள் பதிவுத்தாள்கள் மட்டுமே. தை மாதத்தின் ஒரு காலைப்பொழுதில் சரசாலைத் தரவை என்னும் வெட்டவெளியில் எத்தனை பறவைகள் நின்றன என்பதைத் திரும்பச் சென்று பார்த்துவர எவராலும் இயலாது. அத்தாளில் எழுதப்பட்டிருப்பதை, நீங்கள் எழுதிய வேளையில் அருகில் இல்லாத ஒருவர் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தருபவரே மறுமுறை அழைக்கப்படுகிறார். பறவையின் பெயரை ஒரு பருவத்தில் கற்பித்துவிடலாம். பார்த்ததை மட்டும் எழுதும் பழக்கத்தைக் கற்பிக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை.

சிறிய மணல் உப்புக்கொத்தியையும் பெரிய மணல் உப்புக்கொத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு அவை தங்கும் காலத்தில் இரண்டும் ஒரே மங்கல் நிறம். அலகின் நீளத்தையும் பருமனையும், கால்களையும் கொண்டே பிரித்தறிய வேண்டும். வெயில் ஏறி, உவர்நிலத்தின் மேல் கானல் எழத் தொடங்கியதும், முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் கூட்டத்தில் அந்த வேறுபாட்டைக் காண நல்ல தொலைநோக்கிக்கும் அரிது. அவ்வேளையில் ‘இனங்காணப்படாத சிறு கரைப்பறவை, 240’ என்று எழுதுபவரையே நான் திறமைசாலி என்பேன். ஒவ்வொரு பறவைக்கும் பெயர் கொடுத்து நிரப்பப்பட்ட தாளைக் கண்டால் எனக்குத் தயக்கமே உண்டாகும். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று நான் கூறவில்லை. ஆனால் குழுவில் முதல்வன் என்ற பெயர் பெற்றவருக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதுவது மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கும் என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

என்னுடைய குழுவில் முன்னர் இருந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவருடைய மோட்டார் சைக்கிள் செம்மணிக்கு அருகில் காற்றுப் போய் நின்றுவிட்டது. அன்றைய தாளில் அவர் பென்சிலால் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘டயர் பஞ்சர். 7.40க்கு வந்து சேர்ந்தேன். கணக்கெடுக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. எண்ணவில்லை.’ வெறுமையான அந்தத் தாள் எனக்குப் பெரும் ஆறுதலைத் தந்தது, ஏனெனில் எண்கள் நிறைந்த அவருடைய மற்றைய தாள்கள் எல்லாம் உண்மை என்பதற்கு அதுவே சாட்சி. அவரை மேலும் மூன்று பருவங்கள் அழைத்தேன். மற்றவர் ஒரு நாளையும் தவறவிடாதவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவருடைய எண்களுள் பெரும்பாலானவை ஐந்திலும் பூச்சியத்திலும் முடிந்தன. கார்த்திகை வெள்ளத்தில் தாம்போதி மூழ்கி, எவரும் அக்கரைக்குச் செல்ல முடியாதிருந்த ஒரு நாளிலும் அக்கரைப் பறவைகளின் கணக்கு அவருடைய தாளில் இருந்தது. அந்த ஒரு நாளுக்காக நான்கு மாதத் தரவு முழுவதையும் விலக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் மற்றைய நாள்களில் எவை மெய், எவை பொய் என்று பிரிக்க எங்களிடம் வழி இருக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். குறைவாக வேலை செய்ததாக எண்ணப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சியவர். அந்த அச்சத்தை முதல் நாளிலேயே போக்காமல் விட்டது என்னுடைய பிழை என்று இன்றும் நினைக்கிறேன்.

பூச்சியமும் வெறுமையான கட்டமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பூச்சியம் என்றால், சென்று பார்த்தேன், ஒன்றும் இருக்கவில்லை என்பது பொருள்; வெறுமை என்றால் பார்க்கவில்லை என்பது பொருள். பூநாரைகள் ஒரு நீர்நிலையைக் கைவிட்டுச் சென்றதைப் பின்னாளில் காட்டுவது அந்தப் பூச்சியங்களே. மழையில் கரையாத பென்சிலால் எழுதுவதும், அன்றைய தாளை அன்று மாலையே கணினியில் பதிந்து மூலத்தாளையும் பத்திரப்படுத்துவதும், ஐயமுள்ள இடத்தில் அழிக்காமல் ஒரு கோடிட்டுத் திருத்துவதும் சிறிய செயல்கள்தான். தெரிவு செய்பவர் பார்ப்பதும் அவற்றைத்தான்.

கேள்வி: வீடு வீடாகச் சென்று நுளம்புக் குடம்பிகளைச் சேகரிக்கும் ஆய்வில் மாரி காலத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கிறேன். தொட்டி, கிணறு, டயர், பூச்சாடி என்று நாள் முழுவதும் ஒரே வேலை. பத்து வீடுகளில் ஒன்பதில் ஒன்றும் கிடைப்பதில்லை. இவ்வேலையில் என் திறமையை எப்படிக் காட்டுவது?
— தொழில்நுட்பக் கல்லூரி மாணவி, சுன்னாகம்

பதில்: தங்கையே, ஒன்பதாவது வீட்டின் கிணற்றிலும் முதலாவது வீட்டில் அள்ளிய அதே எண்ணிக்கையில் அள்ளிப் பார்ப்பதுதான் இவ்வேலையின் திறமை. அலுப்பு வரும்போதும் முறை மாறாதிருப்பவர் மிகச் சிலரே.

டெங்கைப் பரப்பும் நுளம்புகள் நன்னீரில் மட்டுமே பெருகும் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. நம்முடைய கரையோரங்களிலும் மட்டக்களப்பிலும் உவர்நீர் தேங்கிய கலங்களிலும் கிணறுகளிலும் அவற்றின் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து, பத்தாண்டுகளுக்கு முன்னரே வெளியிட்டார்கள். உவர்நீரில் எங்கே நுளம்பு இருக்கப்போகிறது என்று எண்ணிக்கொண்டு, அள்ளிப் பார்க்காமலே பூச்சியம் எழுதிவிட்டு நகரும் உதவியாளர்களை நம்பியிருந்தால் அந்த உண்மை வெளிப்பட்டிராது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில், நகரங்களில் மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பு நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. வழக்கமான இனமாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிடாமல், மாதிரியை உற்றுப் பார்க்கும் பழக்கம் இருந்த இடத்திலேதான் இத்தகைய கண்டுபிடிப்புகள் நிகழ்கின்றன. ஆகவே, வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் கண்டால் தனிக் குப்பியில் இட்டு, இடத்தையும் திகதியையும் குப்பியின் மேலேயே எழுதி, அன்றைக்கே காட்டுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிவிடும்.

வீட்டுக்காரரோடு பேசும் முறையும் உங்கள் வேலையின் பகுதியே. படலைக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, யார், எங்கிருந்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, ‘அம்மா, கிணத்தை ஒருக்கால் பாக்கலாமோ?’ என்று கேட்கும் ஒருவருக்கு மறுமுறையும் கதவு திறக்கும். குடம்பி கண்ட வீட்டாரைக் குற்றவாளிபோல் நடத்திவிட்டால், அடுத்த வாரம் அந்த ஒழுங்கை முழுவதுமே உங்களுக்கு மூடப்பட்டுவிடும். மக்கள் எவரைக் கேட்டு விசாரிக்கிறார்களோ அவரையே மேற்பார்வையாளரும் தேடுவார்.

கேள்வி: சுண்டிக்குளம் பக்கத்தில் ஐந்து பேர் மூன்று வாரம் ஒன்றாகத் தங்கி வேலை செய்தோம். வேலையில் குறை இல்லையென்று சொன்ன எங்கள் தலைவர், முகாமில் நான் நடந்துகொண்ட விதம் பற்றிக் குறிப்பு எழுதியிருந்ததாக அறிந்தேன். சமையலும் தூக்கமும்கூடக் கணக்கில் எடுக்கப்படுமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: எடுக்கப்படும், எடுக்கப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஒரு கொட்டிலுக்குள் ஐவர் தங்கும்போது, நாள்தோறும் முறையிடும் ஒருவரால் மற்ற நால்வரின் வேலையும் தளர்கிறது. தண்ணீர் அள்ளும் முறை வந்தபோது சொல்லாமலே எழுந்து போகிறவரும், பிறர் படுத்தபின் குரலைத் தாழ்த்துகிறவரும், அடுத்த பருவப் பட்டியலை எழுதும்போது தாமாகவே நினைவில் வந்து நிற்பார்கள்.

அதைவிடப் பெரியது பாதுகாப்பு. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரத்தின் படி கையில் இல்லாமல் இறங்குவது முழுக் குழுவையும் சிக்கலில் மாட்டிவிடும். முகமாலையைப் போன்ற பகுதிகளில் மிதிவெடிகளை அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எத்தனை அரிய பறவை கூடு கட்டியிருந்தாலும் அந்தக் கூடு நமக்குரியதன்று. சுருட்டை விரியன் நம் மணற்பாங்கான கரையோரங்களில் உண்டு. இரவில் ரோர்ச் இல்லாமலும் மூடிய சப்பாத்து இல்லாமலும் நடப்பதைத் துணிவு என்று எவரும் மெச்சமாட்டார்கள். துணிச்சல்காரர் என்று பெயரெடுத்த சிலரை நான் இரண்டாம் முறை அழைக்கவில்லை. அவர்களின் தாய்மாருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவள்.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். உப்புக்காற்றில் திரிந்த தொலைநோக்கியை மாலையில் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தி வைப்பவர் அரிது. ஈரமாக மடித்த பறவை வலை பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். எது உடைந்தாலும் உடைந்த அன்றே சொல்லிவிடுங்கள். உடைத்ததற்காக நான் கடிந்ததுண்டு, ஒளித்ததற்காக நிறுத்தியதுண்டு.

கேள்வி: எங்கள் தலைவர் வகுத்த கணக்கெடுப்பு முறையில் குறை இருக்கிறது. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து கண்டல்களுக்குப் பின்னால் உள்ள பறவைகள் தெரிவதில்லை. நூறு மீற்றர் தள்ளி நின்றால் நன்றாகத் தெரியும். நானாகவே மாற்றிக்கொண்டால் முன்முயற்சி உள்ளவன் என்று மதிப்பார்களா?
— கள உதவியாளர், ஊர்காவற்றுறை

பதில்: மாற்றாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்து வருகிறது. அதன் பெறுமதியே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடக்கூடியதாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது. நீங்கள் நூறு மீற்றர் நகர்ந்த நாளில் பறவைகள் இரட்டிப்பானதுபோல் தோன்றும். பறவைகள் கூடினவா, இடம் மாறியதா என்று பின்னர் எவருக்கும் விளங்காது. பழைய இடத்தில் வழக்கம்போல் எண்ணி முடியுங்கள். நேரமிருந்தால் புதிய இடத்திலும் எண்ணி, அதை வேறு தாளில் தனியாக எழுதி, இரண்டையும் மாலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் பொறுப்பிலிருந்த காலத்தில் இப்படி இரண்டு தாளோடு வந்து நின்ற ஒரு பெண்பிள்ளையால் எங்கள் முறையே மறு ஆண்டு திருத்தப்பட்டது. திருத்திய முறைக்குப் பொறுப்பாளராகவும் அவரையே நியமித்தோம்.

கேள்வி: நான் பெண். களவேலைக்கு விருப்பம். வீட்டில் அஞ்சுகிறார்கள். எனக்கு இழுப்பு நோயும் உண்டு. அதைச் சொன்னால் அடுத்த முறை எடுக்கமாட்டார்களோ என்று மறைத்துவிட்டேன். சரியா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: மறைத்தது சரியன்று, மகளே, ஆனால் ஏன் மறைத்தீர்கள் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. இழுப்பு உள்ளவர் களத்தில் வேலை செய்ய முடியாது என்று நான் ஒருபோதும் கருதியதில்லை. மருந்துக் குழல் எந்தப் பையில் இருக்கிறது என்று உடன் வருபவருக்குத் தெரியாமலிருப்பதே ஆபத்து. இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நாள்களில் ஆறு மணிநேரம் மறைவிடமில்லாத தரவையில் நிற்பது பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள். பாதையையும் நேரத்தையும் அதற்கேற்ப வகுப்பது தலைமை தாங்குபவரின் கடமை. இவற்றைக் கேட்டதற்காக ஒருவரை மறுமுறை அழைக்காத குழு இருக்குமானால் அக்குழுவின் தலைமையே பிழை. வீட்டாருக்கு, எங்கே போகிறீர்கள், எவரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை நாள்தோறும் எழுதிக்கொடுங்கள். அதே தாளின் ஒரு பிரதியைக் குழுத் தலைவரிடமும் கொடுத்தால், பொறுப்புள்ளவர் என்ற எண்ணம் தானாகவே அங்கும் உண்டாகும்.

கேள்வி: பருவம் முடிந்தபின் அடிக்கடி தொடர்புகொண்டால் தொல்லையாகுமா? அத்தோடு, அரசாங்க நியமனத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அதைச் சொல்வதா, விடுவதா?
— வேலை தேடும் பட்டதாரி, மானிப்பாய்

பதில்: சொல்லிவிடுங்கள். நியமனத்தை எதிர்பார்த்திருப்பது நம் ஊரில் எவருக்கும் புதிதன்று. அதற்காக எவரும் கோபிப்பதில்லை. கடிதம் வந்த மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் மனத்தில் தங்கும். மாசி மாதத்தில், கணக்கெடுப்பு நடுவில், ஒருவர் விலகினால் அவருடைய இடங்கள் அந்த ஆண்டு முழுவதும் அரைகுறையாகிவிடும். இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லி, தன் இடங்களைப் புதியவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனவரை, நியமனம் சரிவராதபோது நான் இருமுறை திரும்ப எடுத்திருக்கிறேன்.

பருவ முடிவில் வெறுங்கையோடு விடைபெற வேண்டாம். எந்த இடத்துக்கு எந்தப் பாதையால் போக வேண்டும், எந்தச் சங்கத்துக் கடற்றொழிலாளர்கள் உதவினார்கள், எங்கே சிறகுவலைகளுக்குக் குறுக்கே நடக்கக் கூடாது, எந்தத் தொலைநோக்கியின் கால் இறுகவில்லை என்பவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். புதிய உதவியாளருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. அதை எழுதியவரின் பெயர் அக்கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும்.

கனடாவில் உயிரியல் படிக்கும் தன் மருமகனும் இதே கேள்வியை எழுப்புவதாக வட்டுக்கோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கு பறவைகள் கூடு கட்டும் காலம் வைகாசி முதல் ஆடி வரையாகையால், ஆள் சேர்ப்பு பெரும்பாலும் அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே நடக்கிறது. அவர் மார்கழிக்குள் எழுதுவது நல்லது. இங்கு வலசைப் பறவைகள் செப்ரெம்பர் தொட்டு வரத் தொடங்குவதால், அடுத்த பருவத்துக்கான ஆள்களும் நிதியும் சோளகம் வீசும் மாதங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஆனி மாதத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள்: இவ்வாண்டு எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வர முடியும், இடையில் என்ன கற்றுக்கொண்டீர்கள், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டீர்களா என்பவை அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் ஆவணி நடுப்பகுதியில் இன்னுமொரு முறை எழுதலாம். அதற்குமேல் எழுதுவதைவிட, ஒரு காலை நேரில் போய் அலுவலகப் படியில் நிற்பது நல்லது.